இது கற்றாழை இல்லை

"கண் படாம இருக்கணும்னு கட்டினது என் கண்ணையே குத்தறது! இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளியிருந்தா ஒத்தைக் கண்ணோடதான் ஆபீஸ் போயிருப்பேன்."

"குனிஞ்சு வரணும். மத்தவாள்லாம் குனிஞ்சுதானே வரா?"

"என் ஆத்து வாசல்ல நான் குனிஞ்சு வரணுமா? தெனம் இதே பேஜார். இப்பவே அறுத்துப் போடறேன் பார்."

"அறுத்துடுங்கோ. அப்பறம் குழந்தைக்கு ஒண்ணுன்னா ராத்திரி முழுக்க நீங்கதான் முழிச்சுண்டு உக்காரணும்."

"இப்ப மட்டும் யார் உக்காந்திருக்கா?"

மல்லேஸ்வரத்தில் எனக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். தேசிகனும் அவர் மனைவி சுப்புலக்ஷ்மியும் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். என் பக்கத்திலிருந்து அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. என் மனைவி ருக்மிணி காலமான பிறகு நான் தனியாள். ஆபீஸ் விட்டு வந்தால் ஒரு ரசம், ஒரு பிடி சாதம், அத்தோடு சரி.

அன்று சாயங்காலம், அவர்கள் வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்த செடி தெருவோரக் குப்பையில் கிடந்தது. வேரில் மஞ்சள், குங்குமம், கட்டின கறுப்புக் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன. கன்டோன்மென்ட்டில் ஒரு துரை வீட்டைக் காலி செய்தபோது தோட்டத்தில் பிடுங்கிப் போட்டிருந்ததைக் கற்றாழை என்று நினைத்து தேசிகன்தான் எடுத்து வந்திருந்தார். கற்றாழையை வாசலில் வேர் மேலாகக் கட்டினால் திருஷ்டி படாது என்பது நம் வீடுகளில் வழக்கம். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது பிழைத்துக்கொள்ளும். இது அப்படிப் பிழைக்கவில்லை. பாதி இலைகள் சருகாகியிருந்தன. நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சையும், பச்சையின் ஓரத்தில் மஞ்சள் கோடும் பாக்கி இருந்தன. ஏனோ விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

நானும் முதலில் கற்றாழை என்றே நினைத்தேன். ஒடிந்த இலையைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே சோறு இல்லை, தேங்காய் நார் மாதிரி நார்தான் வந்தது. ஓரத்தில் முள்ளும் இல்லை. ஆகவே அன்னாசியும் இல்லை, தாழையும் இல்லை. நுனி மட்டும் ஊசி. இலை ஓரங்களிலிருந்து வெள்ளை நூல் பிரிந்து சுருண்டு தொங்கியது, பழைய வேஷ்டிக் கரை பிரிகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு இலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு லால்பாக் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு பாத்தியில் அதே நூல், அதே ஊசி நுனி. பலகையில் 'யக்கா' என்று போட்டிருந்தது. ஆனால் அது முழுப் பச்சை, மஞ்சள் கோடு கிடையாது. அதனால் என் செடி அதே ஜாதிதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

வீட்டுக்கு எடுத்து வந்து தொட்டியில் நட்ட புதிதில் துளசிக்கு விடுகிற மாதிரி இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லையே. அடித்தண்டு அழுகி நாற்றம் எடுத்துவிட்டது. அழுகலைச் செதுக்கி, சாம்பல் தடவி, காயப்போட்டு, மணலும் செங்கல் துண்டுமாகக் கலந்து வேறு தொட்டியில் வைத்தேன். நல்ல வெயில், மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். இந்தச் செடிக்கு நான் செய்யக்கூடிய பெரிய உபகாரம் தொந்தரவு பண்ணாமல் இருப்பது. அதுதான் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்க ஒன்று கிடைத்தது.

ஐப்பசி மழை நின்றதும் நடுவிலிருந்து புது இலை கிளம்பியது. பச்சை, இரண்டு ஓரமும் மஞ்சள். சுவர் மேலாக சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது எங்காத்துக் கத்தாழைதானே?"

"கத்தாழை இல்லேம்மா. யக்கான்னு ஒரு செடி. தொங்க விட்டா செத்துப் போயிடும்."

"எங்க செத்தது? காஞ்சு, குப்பைல விழுந்து, திரும்பத் துளிர்க்கறதே! இதுலதான் சக்தி இருக்கு. இதைக் கழட்டினதுலேர்ந்து குழந்தைக்கு இருமல் நிக்கவே இல்லை. குடுத்துடுங்கோ மாமா."

இருமல் எனக்கும் தெரியும். விடியற்காலையில் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

"நல்ல கத்தாழையா மார்க்கெட்லேர்ந்து நானே கொண்டுவந்து தரேன். குழந்தையை டாக்டர்ட்ட காட்டினேளா?"

"அதெல்லாம் காட்டியாச்சு. வேற கத்தாழை எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்கோ. உங்களுக்கென்ன மாமா, ஒண்டிக்கட்டை. திருஷ்டி படறதுக்கு உங்காத்துல என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் தொட்டியைத் திருப்பி வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதேங்கோ," என்றாள், குரல் இறங்கி. "நீங்க ஒருத்தர்தான் இல்லேங்கறேள். எங்கம்மா, மாமியார், பால்காரி எல்லாரும் கத்தாழைங்கறா. வேற யாராவது உங்களாட்டம் சொல்லட்டும், அப்பறம் இதைக் குடுங்கோன்னு நான் வந்து நிக்க மாட்டேன். இல்லேன்னா தை அமாவாசைக்கு வந்து வாங்கிண்டு போறேன்."

செடி அவர்கள் வாசலில் இருந்ததுதான். தர மாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ருக்மிணிக்குப் பிறகு இந்தச் சுவருக்கு மேலாக என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது இந்தச் செடி விஷயமாகத்தான். கொடுத்தால் அது வாசலில் தலைகீழாகக் காயும். கொடுக்காமல் இருந்து குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் இருமல் வந்தால், அந்தப் பெண் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

ஆகையால் இந்தப் பத்திரிகை வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் மஞ்சள் கோடும், பிரிகிற வெள்ளை நூலும், ஊசி நுனியும் உள்ள இந்தச் செடியை உங்களில் யாராவது வளர்த்திருப்பீர்கள். இது யக்காவா, வேறு ஏதாவதா? கற்றாழை இல்லை என்றால் அதை மட்டுமாவது உங்கள் பெயர், ஊர் போட்டு இரண்டு வரி எழுதி, பத்திரிகை விலாசத்துக்கு ஒரு கார்டு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள், சுப்புலக்ஷ்மி தானே படித்துக்கொள்வாள். தை அமாவாசைக்கு முன்னால் வந்து சேரும்படி தயவுசெய்து பதில் போடுங்கள்.