சுடாத கோப்பை

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பிளெக்ஸ் கடையில், யாருடைய காதணி விழாவுக்கோ தாய்மாமன்களின் தலைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் தலைமை ஆசிரியர் சீனுவாசன் போன் செய்தார். ஒரு தப்பு நடந்துபோச்சு, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க மேடம் என்றார். வாரத்தில் மூன்று அரை நாள் நான் ஓவிய ஆசிரியை. மற்ற நாளெல்லாம் இந்தக் கடை. பகுதி நேரம் என்று பெயர். பஸ் அலுப்பு மட்டும் முழு நேரம்.

மறுநாள் கிளியனூர்ப் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததுமே எல்லாவற்றையும் சொன்னார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கும் கூட வந்தவர்களுக்கும் பிள்ளைகள் செய்த மண் கோப்பையிலேயே டீ கொடுத்து அசத்தலாம் என்று சாருக்குத் தோன்றியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஏரி மண்ணைச் சலித்து, பிசைந்து, மாதக்கணக்கில் மாரடித்துச் செய்த கோப்பைகள். காய்ந்திருந்தன, அவ்வளவுதான். குயிலாப்பாளையத்தில் சூளை வைத்திருக்கும் அலெக்ஸ், அடுத்த வாரம் தன் பானைகளோடு இவற்றையும் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். சுடாத மண்ணில் தண்ணீர் பட்டால் திரும்பவும் சேறுதான் என்று கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரியும். சாருக்குத் தெரியவில்லை. பார்க்கக் கல் மாதிரி இருந்திருக்கும், பாவம். நான் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் தடுத்திருப்பேன். தினமும் இருக்கச் சொல்லி எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லையே.

மண் வகுப்பு நிலைக்குமா, அந்த பீரியடும் கணக்குக்குப் போகுமா என்பது அதிகாரி சொல்லும் ஒரு நல்ல வார்த்தையில் இருக்கிறது என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் எங்களுக்காக இப்படிச் செய்திருக்கிறார். மனுஷன்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

தட்டை ஏந்திப் போனது அந்த ஒன்பதாம் வகுப்பு ஆரோக்கியசெல்வி. டீயை ஊற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதிகாரி கை நீட்டுவதற்குள் அவருடைய கோப்பை அடியில் இளகியிருக்கிறது. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கோப்பையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். கொதிக்கிற டீ. மற்ற கோப்பைகள் தட்டிலேயே இளகி உட்கார்ந்துவிட்டன.

நான் பார்க்கும்போது அவள் கையெல்லாம் வெள்ளைக் களிம்பு. உட்டுட வேண்டிதானே, ஏன் புடிச்சே என்று கேட்டேன்.

"உழுந்துட்டா கிளாஸ நிறுத்திடுவாங்கன்னு புடிச்சிக்கினே நின்னேன் டீச்சர்."



சீனுவாசன் சார் தன் அறையில் நாற்காலியைக் காட்டினார். அதிகாரி திட்டவில்லையாம். பிள்ளையின் கைக்கு முதலில் தண்ணீர் ஊற்றச் சொன்னாராம். கிளம்பும்போது, இதெல்லாம் எதுக்கு சார், பத்தாவது ரிசல்ட்டைப் பாருங்க என்றாராம்.

"நல்லதுன்னு நெனச்சித்தான் மேடம் பண்ணேன்," என்றார் சார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "இன்னிலேர்ந்து அந்த பீரியட கணக்குக்குக் குடுத்துடலாம். நீங்களே பசங்ககிட்ட சொல்லிடுங்க."

சரிங்க சார் என்று எழுந்தேன். சண்டை போடத் தெம்பில்லை. போட்டால் இருக்கிற மூன்று அரை நாளும் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் வகுப்புக்குள் நுழைந்தேன். தட்டில் இடிந்த கோப்பைகளை வழித்து வாளியில் ஊறப்போட்டிருந்தார்கள். பால் புளித்த வாடை. நாலைந்து பேர் முழங்கை வரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஆரோக்கியசெல்வி களிம்புக் கைகளை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் போதும், கல் இருந்தால் பொறுக்கிப் போடு என்று எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். யார் முகத்திலும் வருத்தமில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

நான் சொல்லவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன், கையை வாளிக்குள் விட்டேன். கணக்கு ஆசிரியர் வல்லரசு சாக்பீஸோடு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வாளியின் அடியில் இன்னும் கரையாத ஒரு துண்டு கையில் தட்டுப்பட்டது. வளைவாக இருந்தது. ஏதோ ஒரு கோப்பையின் காது. நசுங்கிவிடாமல் அதை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் இருந்தேன்.