வெள்ளச்சியின் எடை

முப்பத்து மூன்று வருடம் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எண் விழும், எழுதுவேன். ஒரு கிலோ கூட்டக் கூடாது, ஒரு கிலோ குறைக்கக் கூடாது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை எங்கள் ஊர் அசாம் ஜாவாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கால்வாய் ஓரம் பார்த்த உடும்பு பதினாறு அடி என்றேன். நாலு அடி இருக்கும். கடையே வாயைப் பிளந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! அதற்குப் பிறகு நான் நிறுத்தவே இல்லை.

போன வருடம் என் மனைவி மாலா இறந்தபோது நாலாயிரம் பேர் வந்தார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அறுபது பேர் வந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பது மாதிரி கொஞ்ச நாள் நின்று பார்த்தேன், பிறகு வந்துவிட்டேன். காலும் அப்படித்தான். இனிப்பு நீர் வியாதி வந்து பதினெட்டு வருடமாகிறது. கணுக்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தால் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

தர்மினி ரவாங்கில் பல் டாக்டர். சனி, ஞாயிறு வந்தால் நாய் டாக்டர் என்றே சொல்லலாம். பாக்ஸர் நாய்க்குட்டியை ஆசையாக வாங்கிவிட்டு, அது வளர்ந்து எச்சில் வடித்துச் சோபாவைத் தின்றதும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்களே, அந்த நாய்களைத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்த்து நல்ல வீட்டில் சேர்க்கிற கூட்டம் ஒன்று அவளுக்கு இருக்கிறது. நல்ல வீடு கிடைக்கும்வரை என்னைப் போன்றவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கையோடு, "அங்கிள், உங்க வீட்டு முன்னால முற்றம் இருக்கில்ல? ஒரு பொண்ணு வெயிட் பண்றா" என்றாள். வாய் நிறையப் பஞ்சு. மறுக்க முடியவில்லை.

பொண்ணு என்றது ஒரு வெள்ளை பாக்ஸரை. ஆள் இல்லாத பழைய தோட்டத்து லய வீடு ஒன்றில், சமையல்கட்டுத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூக்கில் பாதி கறுப்பு, பாதி ரோஸ். கீழ்ப்பல் இரண்டு வெளியே. விலா எலும்பை எண்ணலாம். காரிலிருந்து இறங்கும்போதே சொன்னேன், "பதினேழு கிலோ முந்நூறு." கிளினிக் சீட்டைப் பார்த்த தர்மினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதே எண். எடை விஷயத்தில் மட்டும் எனக்குக் கூட்டிச் சொல்ல வராது. வெள்ளச்சி என்று பெயர் வைத்தேன்.

ஞாயிறுதோறும் நாய் வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். எடை, சாப்பாடு, குணம், குறை. அதை வைத்துத்தான் தர்மினி, நாய் கேட்பவர்களுக்கு விளம்பரம் எழுதுவாள். முதல் ஞாயிறு, வெள்ளச்சி இரண்டு நாகப்பாம்பை விரட்டினாள் என்று எழுதினேன். உடனே போன் வந்தது.

"அங்கிள், உங்க ரிப்போர்ட்டை நான் நாலால வகுத்துக்கிறேன், ஓக்கேவா? ரெண்டு பாம்பு, டிவைடட் பை ஃபோர். அரைப் பாம்பு. மண்புழுன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கம்மா. ஆனா படம் எடுத்த மண்புழு."

தீபாவளிக்கு முந்தின நாள், குக்கர் மூடி கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. நானே துள்ளிவிட்டேன். எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்த வெள்ளச்சியிடம் ஓர் அசைவும் இல்லை. விசில் அடித்தேன். தட்டைத் தட்டினேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பவனேஷ் சரவெடியைக் கொளுத்தியபோது அவள் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்கவில்லை. கொஞ்சம்கூட இல்லை.

அந்த ஞாயிறு எழுதினேன்: 'வெள்ளச்சிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பத்தாயிரம் வெடி வெடித்தார்கள், தலைமாட்டில் குண்டு போட்டாலும் குறட்டை நிற்காது.' தர்மினி சிரிப்புப் படம் மூன்று அனுப்பினாள். புதன்கிழமை விளம்பரம் வந்தது: 'பட்டாசுச் சத்தத்துக்கும் அசராத, அமைதியான பெண். வீடு தேடுகிறாள்.'

நாலால் வகுத்துவிட்டாள். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

காரணம் இருந்தது. கழுத்துத் தோலுக்குள் இருந்த மைக்ரோசிப்பை வைத்து அவளை வளர்த்தவனைத் தர்மினி கண்டுபிடித்திருந்தாள். 'கூப்பிட்டா திரும்பாது, திமிரு புடிச்ச நாய், அடிச்சும் திருந்தல' என்றானாம். காது கேட்காத இன்னொரு நாய் இரண்டு வருடமாக உலு யாமில் ஒரு வீட்டில் காத்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நிற்கிற நாயைத்தான் தடவிக்கொடுக்கிறார்கள். எனக்கோ டிசம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கோலாலம்பூரில் மகன் வீட்டில், பதினேழாவது மாடியில் எனக்கு ஓர் அறை. மாடி எண்ணை நான் கூட்டிச் சொல்லவில்லை. அங்கே நாய்க்கு இடமில்லை. உண்மை தெரிந்தால் யாரும் இவளை எடுக்கப்போவதில்லை. அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன். மனசு உறுத்தவில்லையா என்றால், காலைப் போலத்தான், ஒன்றும் தெரியவில்லை.

பேச்சு உதவாது என்றானதும் கையை எடுத்தேன். எடைமேடையில் லோரிக்காரர்களுக்குக் காட்டுகிற சைகைதானே எனக்குத் தெரியும்? விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினால் வா. இரண்டு கையையும் தூக்கினால் நில். புறங்கையால் தள்ளினால் பின்னால் போ. பதினொரு நாளில் படித்துவிட்டாள், ஆலையில் சிலருக்கு ஆறு மாதம் ஆனது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் தரையை ஓங்கி மிதிப்பேன், அதிர்வு தெரிந்து திரும்புவாள். எவ்வளவு ஓங்கினேன் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் வந்து என் இரண்டு பாதத்தின் மேலும் படுத்துக்கொள்வாள். இருபத்து நான்கு கிலோ அறுநூறுக்கு ஏறியிருந்தாள். மேலிருந்து பார்ப்பேன். படுத்திருக்கிறாள் என்று தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

டிசம்பர் இரண்டாம் வாரம் தர்மினி கூப்பிட்டாள். சுங்கை புரோங்கில் ஒரு வீடு. வீட்டுக்காரி பிரேமலா, தஞ்சோங் காராங்கில் தையல்கடை. புருஷன் லோரிக்காரன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் இல்லை. வீட்டைப் பார்க்கத் தர்மினி, நான், வெள்ளச்சி மூவரும் காரில் போனோம். இரண்டு பக்கமும் நெல் முற்றி நின்றது, அறுப்பு தொடங்கிவிட்டது. நெல் லோரிகள் எதிரே வரிசையாக வந்தன. அந்த லோரிகளைப் பார்த்ததும்தான் வாயைத் திறந்தேன்.

"தர்மினி, இவளுக்குக் காது கேக்காதும்மா."

"எந்தக் காது அங்கிள்? ரெண்டும்னா நாலால வகுத்து அரைக் காது. மீதி ஒன்றரை காது இருக்கு, போதும்."

"வெளையாட்டு இல்லம்மா."

"உங்க நாகப்பாம்பும் வெளையாட்டு இல்லதான்" என்று வண்டியை அந்த வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. முன்னால் புல்தரை, வேலி இல்லை, கேட் இல்லை. பிரேமலா வாசலுக்கே வந்து, "ஐயா வாங்க, டாக்டர் வாங்க, இதானா பொண்ணு!" என்று உட்கார்ந்து கையை நீட்டினாள். வெள்ளச்சி உடம்பைப் பிறை மாதிரி வளைத்து, பின்பக்கமும் முகமும் ஒரே பக்கம் வர ஒரு ஆட்டம் ஆடினாள். தர்மினி கயிற்றைக் கழற்றப் போனாள்.

"கயித்தை விடாதேம்மா."

"ரிலாக்ஸ் லா அங்கிள். பட்டாசுக்கே அசராதவ, எங்க ஓடப் போறா?"

விட்டுவிட்டாள். வெள்ளச்சி புல்லை மோந்துகொண்டே போனாள். அப்போது ரோட்டிலிருந்து ஒரு லோரி முற்றத்துக்குள் பின்பக்கமாக வர ஆரம்பித்தது. பிரேமலாவின் புருஷன். பின்னால் வருவதற்கான பீப் பீப் சத்தம் ஊருக்கே கேட்டது. தர்மினி, "வெள்ளச்சி! வெள்ளச்சி!" என்று கத்தினாள். நாய் தலையைத் தூக்கவில்லை. பின் டயரின் வழியில் ஒரு செடியை மோந்துகொண்டிருந்தாள்.

நான் ஓட வேண்டும். என்னால் பாதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க முடியும். நடந்தேன். லோரியின் பக்கக் கண்ணாடியில் என் முகம் தெரிகிற இடத்துக்கு வந்து, முப்பத்து மூன்று வருடம் தூக்கிய மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன். லோரி நின்றது. டயருக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு சாண். இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெள்ளச்சி திரும்பினாள், தூக்கிய கையைப் பார்த்தாள், சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

என் நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தேன். படபடக்கவில்லை. கையை இறக்க மட்டும் மறந்துவிட்டேன்.

தர்மினி ஓடி வந்து நாயின் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினாள். ஒருமுறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொன்னீங்க. கார்லயும் சொன்னீங்க, ரிப்போர்ட்லயும் சொன்னீங்க."

"சொன்னேன்."

"விளம்பரம் பாத்தீங்கல்ல? அப்போ ஏன் அங்கிள் போன் பண்ணல?"

"சொன்னா யாரும்மா எடுப்பா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை மாட்டினாள். "சாரி அக்கா. நாங்க கெளம்புறோம். ரோட்டோரம், லோரி, வேலி கெடையாது. காது கேக்காத நாய்க்கு இது சரிப்படாது." பிரேமலா நாயின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை.

லோரியிலிருந்து இறங்கியவன் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிராணி ஐயா? சேது கிராணிதானே? நான் வீரன் ஐயா! எட்டு வருஷம் உங்க மில்லுக்குக் குலை ஏத்தினேனே. அந்தக் கையைப் பாத்ததும் என் காலு தானா பிரேக்குல போயிருச்சு." பெண்டாட்டியிடம் திரும்பினான். "கஞ்சன்னா கஞ்சன் புள்ள இவரு. ஒரு தடவை லோரியில கெடந்த மண்ணு பதினாலு கிலோன்னு கழிச்சாரு. சண்டை போட்டு, அந்த மண்ணைப் பெருக்கி அள்ளி நிறுத்தேன். பதினாலு! ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்ல மனுஷன்."

தர்மினி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"நீங்க சொல்லுங்க ஐயா" என்றான் வீரன். "இந்த நாய் எப்படி?"

யாரும் வகுக்காத இடத்தில் பேசி எவ்வளவு நாளாயிற்று! நிதானமாகச் சொன்னேன். இருபத்து நான்கு அறுநூறு. நாலு வயதிருக்கும். காது ரெண்டும் கேட்காது, கேட்கப்போவதும் இல்லை. வெளியில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. கையைப் பார்த்தால் போதும். பாம்பு விரட்டியதில்லை.

வீரன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். வெள்ளச்சி போனாள். புறங்கையால் தள்ளினான். நாலு காலும் பின்னிக்கொள்ளப் பின்னால் வந்தாள். வீரன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "என்கூட லோரியில வர்ற அட்டெண்டனைவிட நல்லா ரிவர்ஸ் எடுக்குது!"

"பேச்சுத் துணைக்குன்னுதான் நாய் கேட்டேன்" என்றாள் பிரேமலா. "நான் பேசுறது கேக்காதாம்."

"நான் மட்டும் கேக்குறேனாக்கும்? என்னை வச்சுக்கல நீ?"

"உன்னை வேற வழியில்லாம வச்சிருக்கேன். இதை ஆசைப்பட்டு வச்சுக்கிறேன்."

தர்மினி எழுந்தாள். "வேலி வராம விட மாட்டேன்ணே."

"சனிக்கிழமைக்குள்ள வரும்."

வந்தது. சனிக்கிழமை மறுபடி போனபோது பார்த்தோம், பழைய தகரமும் புது வலையுமாக இடுப்புக்கு மேல் உயரம். கேட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். தர்மினி ஒவ்வொரு கம்பத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கொடுத்தாள்.

பிரேமலா தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளச்சி வீட்டை ஒருமுறை சுற்றி மோந்துவிட்டு, என்னிடம் வந்து நின்றாள், பிறகு பிரேமலாவிடம் போனாள். அவள் பாதத்தின் மேல் தொப்பென்று விழுந்து படுத்தாள்.

"அய்யோ, என்னா கனம்! அரிசி மூட்டை மாதிரி. ஐயா, காலு மரத்துப் போகுது."

"சூடா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நாயி. கால் மேல படுத்திருக்கே. சூடு தெரியுதா?"

பிரேமலா குனிந்து பார்த்தாள். "நல்லாத் தெரியுது ஐயா. இப்பதான் எறக்கி வச்ச சோத்துப் பானை மாதிரி. மூச்சு விடறதுகூடத் தெரியுது. ஏன், உங்க கால் மேல படுத்ததே இல்லையா?"

"தெனமும் படுத்தா" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் பாதிப் பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. நாய் என் பொறுப்பில் இல்லை, ரிப்போர்ட் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன்.

'பெயர் வெள்ளச்சி. எடை இருபத்து நான்கு கிலோ அறுநூறு. இரண்டு காதும் கேட்காது. லோரிச் சைகை மூன்று தெரியும். சூடாக இருப்பாளாம்.'