காளை இறங்கிய தொட்டி

1934-ஆம் ஆண்டு ஆவணி மாதம் சிம்மக்கல் கயிற்று வியாபாரி ஷேக் தாவூது ராவுத்தர் வீட்டுக் கக்கூஸ் தொட்டிக்குள் இறங்கிய காளை அப்புறம் மேலே வரவில்லை; அன்றிலிருந்து அந்தத் தொட்டி நிரம்பவுமில்லை. அந்தத் தெருவில் நிலத்துக்கடியில் செங்கல் தொட்டி கட்டிய வீடுகள் பதினேழு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை காளையும் கூட்டாளி மருதுவும் வாளியும் கயிறுமாக வந்து அள்ளிவிட்டுப் போவார்கள். மூடியை முதல் நாளே திறந்துபோட வேண்டும், மறுநாள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது என்பது அவர்கள் தொழில் ஒழுங்கு. ஊரில் இது தெரியாதவர் கிடையாது.

ஆனால் அந்த முறை ராவுத்தர் மகள் சைனப்புக்கு நிக்காஹ். சமையல் பண்டாரிகள் கொல்லையிலேயே அடுப்பு மூட்டி நெய்ச்சோற்றுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்துக்கு நடுவே நாள் முழுக்கத் தொட்டியைத் திறந்துபோட எந்த வீட்டுக்காரருக்கு மனம் வரும்? நிக்காஹ் அன்று காலையில்தான் திறந்தார்கள், திறந்த கையோடு விளக்கை இறக்கினார்கள். விளக்கு அணைந்தது.

"மூடிய நேத்தே தெறந்திருக்கணும் மொதலாளி" என்றான் காளை.

"காத்துல அணைஞ்சிருக்கும்ப்பா. மாப்ள வீட்டுக்காரவுக வர்ற நேரம், சட்டுன்னு முடி" என்றார் ராவுத்தர். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். அந்த அவசரத்துக்கு ஓர் ஆள் போய்விட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காளை இறங்கி நேரமாகியும் குரல் வராமல் மருது கயிற்றை இழுத்தபோது, இடுப்பு முடிச்சு பொறுமையாக அவிழ்க்கப்பட்டு வெறுங்கயிறு வந்தது. அடிவரை இறைத்துப் பார்த்தார்கள், செங்கல்தான் இருந்தது. நிக்காஹ் சொன்ன நேரத்துக்கு நடந்தது.

வில்லாபுரத்திலிருந்து ஓடிவந்த காளையின் மனைவி மாயக்காள் மூடியில் காதை வைத்தாள். அடியில் மண்வெட்டி செங்கல்லைச் சுரண்டும் சத்தம் கேட்டது. "ஏய்யா, மேல வா" என்று கூப்பிட்டாள். "முடிச்சுட்டு வாரேன் புள்ள. மேலேருந்து வந்துக்கிட்டேல்ல இருக்கு" என்று பதில் வந்தது. குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. வாரம் தவறாமல் வந்து கேட்டாள். வாரம் தவறாமல் அதே பதில். அண்ணன் மொக்கையன் தாலியைக் கழற்றிவிட்டுக் கருமாதி செய்யச் சொன்னபோது, "வேலைக்குப் போன ஆளுக்கு யாராச்சும் கருமாதி செய்வாகளாண்ணே?" என்று கேட்டாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மூன்று வருடம் கழித்து மூடிகளைத் திறந்து பார்த்தால், பதினேழு தொட்டிகளும் கழுவிவிட்டது மாதிரி கிடந்தன. காளை நிலத்துக்கடியிலேயே நகர்ந்து தெரு முழுவதையும் அள்ளுகிறான் என்று புரிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பீர் முகமது இது பரக்கத், அல்லா கொடுத்த அருள் என்றார். மருது பிழைப்பில்லாமல் வண்டி இழுக்கப் போனான். மாயக்காள் கேட்டது ஒன்றுதான். "ஒரே ஒரு நா, பதினேழு வீட்டுலயும் கக்கூஸ் பக்கம் போவாம இருந்தாப் போதும். கையில உள்ளத முடிச்சுட்டு ஏறிருவாரு." ராவுத்தர் மனைவி ஷரீபா, மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாய் சோற்றை நிம்மதியாக விழுங்காதவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஒரு வீட்டில் பெரியவருக்கு வயிற்றுப்போக்கு, ஒரு வீட்டில் கம்பத்திலிருந்து விருந்தாளிகள். அவர்கள் போனபின் வேறு வீட்டுக்கு வேறு விருந்தாளிகள். உலகச் சண்டை வந்தது, அரிசிக்கு வரிசை வந்தது, ஆறு வருடம் ஓடியது, பதினேழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு நாள் அமையவில்லை. ஷரீபா மட்டும் ஒருநாள் குடும்பத்தையே கோரிப்பாளையத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் நிதானமாகக் கேட்டதாக மாயக்காள் சொன்னாள்.

1943 தை மாதம், வெயில் ஏறிய நேரம், மாயக்காள் ஒரு வாளியோடும் மண்வெட்டியோடும் வந்தாள். கொல்லையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மூடியை நகர்த்தினாள். ஷரீபா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "வேணாம் மாயக்கா, இன்னொருவாட்டி எல்லார்ட்டயும் கேட்டுப் பாக்குறேன்."

"நீங்க கேட்டதெல்லாம் போதும்மா. அவுக ஒத்தையில எம்புட்டு நாளைக்கு அள்ளுவாக? ரெண்டு பேரு சேந்தா வெரசா முடியும். மூடிய மட்டும் மூடிக்கங்க, புள்ளைக நடமாடுற எடம்."

அவள் இறங்கினாள். ஷரீபா அழுதுகொண்டே மூடியை இழுத்து மூடினாள். மூடாமல் விடவும் முடியாதே. கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு மண்வெட்டிகள் மாறி மாறிச் சுரண்டும் சத்தம் கேட்டது. அந்த வருட ஐப்பசி மழைக்குப் பிறகு அடுத்த தெருத் தொட்டிகளும் நிரம்பவில்லை. அந்தத் தெருக்காரர்கள் காரணம் கேட்கவில்லை.