வலது பக்கத்துச் சுவிட்ச்

வாளியைத் தோள் உயரத்துக்குத் தூக்கிச் சரளைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அவள் மறுபடியும் குனிந்தாள். மீன் தொட்டியில் மொள்ள வேண்டும், தூக்க வேண்டும், ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால்தான் தண்ணீரில் காற்று கலக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கீழே மீன்கள். மேலே இரும்புத் தாங்கியில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாயில், சரளையும் கீரையும். மோட்டர் மீன் தண்ணீரை மேலே ஏற்றும். கீரை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் திருப்பி அனுப்பும். மோட்டர் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இப்போது அப்படித்தான் இருந்தன. அவள் அந்த வாய்களைப் பார்க்காமல் மொண்டாள்.

ராத்திரி அடித்த காற்றில் எங்கோ கம்பம் சாய்ந்து, விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. வீட்டில் இருந்தது ஒரு பழைய இன்வெர்ட்டர். அது உள்ளே படுத்திருக்கும் அவருடைய ஆக்ஸிஜன் மெஷினைத் தாங்கும். கூடவே மோட்டரையும் போட்டால் இரண்டையும் உதறிவிட்டு அணைந்துவிடும். காலையில் ஒருமுறை அணைந்தது. அதை மறுபடி உயிர்ப்பிப்பதற்குள் அவருடைய உதடுகள் நிறம் மாறிப்போயின.

"அண்ணி, இங்க பெரிய வரிசை. ஆனா சிலிண்டர் இல்லாம நான் வர மாட்டேன். இன்வெர்ட்டர் எவ்வளவு தாங்கும்?" என்று கொழுந்தன் போனில் கேட்டான்.

"தெரியலப்பா. ஒரு கோடுதான் எரியுது."

"மோட்டரைப் போட்டுடாதீங்க. அண்ணன் கேட்டாலும் போடாதீங்க."

"போடல."

"மீன் போனா போகட்டும் அண்ணி."

மீன் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது.

அவர் வெல்டர். காலமெல்லாம் விழுங்கிய புகை நுரையீரலில் படிந்து, பட்டறைக்குப் போக முடியாமல் ஆனபிறகு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இதைக் கட்ட ஆரம்பித்தார். மூச்சு வாங்கும்போது உட்காருவார். உட்கார்ந்தபடியே குழாய் அறுப்பார். கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, "மண்ணில்லாம செடி, குளமில்லாம மீன், சம்பளமில்லாம அண்ணன்" என்றான். "மூளையில்லாம நீ இருக்கியே, அந்த மாதிரிதான்" என்றார் அவர். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தொட்டி நிறைந்த அன்று சாயங்காலமே மீன்குஞ்சுகளை விட்டார். அது தப்பு. புதுத் தண்ணீர் பழக வேண்டும், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் சரளையில் குடியேற வேண்டும், அவைதான் மீனின் கழிவு விஷமாகாமல் பார்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சில நாளில் குஞ்சுகள் வயிறு தெரிய மிதந்தன. அவற்றை அவரே ஒவ்வொன்றாக எடுத்து மதிலோரம் புதைத்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவசரப்பட்டுக் கொன்னுட்டேன்."

இரண்டாவது முறை பொறுத்திருந்து விட்ட மீன்கள்தான் இவை. உள்ளங்கை நீளம் வந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன நாளில், காரில் ஏறும்போது அவர் கேட்டது ஒன்றுதான். மீனுக்குத் தீனி போட்டியா?

அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னலோரம் கட்டில். கட்டில் காலில் கட்டித் தொங்கவிட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு சுவிட்சுகள். படுத்த இடத்திலிருந்தே மோட்டரைப் போட்டு அணைக்க வேண்டும் என்று அதன் வயரை ஜன்னல் வழியாக இழுத்து, மெஷின் இருந்த அதே பெட்டியில் அவர்தான் சேர்த்தார். "இடது எனக்கு, வலது மீனுக்கு" என்று முழு வாக்கியம் பேச முடிந்த நாளில் சொல்லியிருந்தார்.

"மோட்டர்..." என்றார்.

"கரண்ட் வரட்டும். நான் மொண்டு ஊத்திக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணுகூடச் சாகல."

அவர் அவளுடைய நனைந்த புடவையைப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார். வாளியின் கம்பி அழுத்தி உள்ளங்கை சிவந்திருந்தது. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உக்காரு."

"இதோ வந்துடறேன்."

"கொஞ்சம்... உக்காரு."

"நீங்க மூச்சைப் பாருங்க. தம்பி வந்துட்டிருக்கான். நான் நிறுத்தினா அதுங்க மேல வந்துடும். ஒரு பத்து வாளி ஊத்திட்டு வந்து உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். சரியா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

பத்து வாளிக்குப் பிறகும் மீன்கள் கீழே போகவில்லை. இன்னும் பத்து ஊற்றினாள். தோள் மரத்துப்போயிற்று. கடவுளே கரண்டைக் கொடு என்று கேட்டவள், பிறகு கடவுளை விட்டுவிட்டு வெறும் கரண்டிடமே கேட்டாள். வந்துடு. வந்து தொலை.

குழாய் ஒருமுறை செருமியது. காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் பீறிட்டுச் சரளையின் மேல் விழுந்தது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். மதிலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். விழும் தண்ணீரின் சத்தம் காதை நிறைத்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவள் அழுதாளா, சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து உள்ளே போக வேண்டும் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் என்று நினைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் தையற்காரம்மா வாசற்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு ரவிக்கைக்குக் கையால் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல போட வேண்டியதுதானேக்கா. கரண்ட்தான் வந்துடுச்சே."

"எங்க வந்துது? வந்திருந்தா நான் ஏன் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கறேன்?" தையற்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க வீட்டுலதான் ரொம்ப நேரமா ஏதோ கீச்சுகீச்சுன்னு கத்துது. என்னன்னு பாரு."

தண்ணீர்ச் சத்தத்துக்குக் கீழே அது அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

வாளி உருண்டது. படியில் கால் இடறியது. உள்ளே மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை கட்டிலுக்கு வெளியே, பெட்டியின் பக்கத்தில் தொங்கியது. இடது சுவிட்ச் மேலே. வலது சுவிட்ச் கீழே.

அவள் வலதை அணைத்து இடதைத் தட்டினாள். மெஷின் கத்தலை நிறுத்திவிட்டு உறுமத் தொடங்கியது. மூக்கில் விலகியிருந்த குழாயைச் சரியாக வைத்தாள். மார்பைத் தேய்த்தாள். "இங்க பாருங்க. வந்துட்டேன். பாருங்க, உக்காந்துட்டேன்." கன்னத்தைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். மெஷின் ஒழுங்காக மூச்சை அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

மோட்டர் ஓடினால் அவளுக்கு வெளியே வேலையில்லை. உள்ளே வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். அல்லது மீன்களைத்தான் நினைத்தாரோ. மறுபடியும் கொல்லக் கூடாது என்று. அல்லது அவளுடைய உள்ளங்கையை. கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. அவர் கேட்டபடிதான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே சத்தம் இல்லை. மீன்கள் மேலே வந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து அவள் கையை நீட்டினாள். இடது சுவிட்சை அணைத்தாள். உறுமல் அடங்கிய பிறகு அறையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. வலதைத் தட்டினாள். குழாய் செருமித் தண்ணீரைக் கொட்டியது.

வாசலில் வண்டி வந்து நின்றது. "அண்ணி, கிடைச்சுடுச்சு. பாதி ஊர்கிட்டச் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தன் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி உள்ளே வந்தான். சட்டை முழுக்க வியர்வை. "எங்க வைக்கட்டும்? தலைமாட்டுலயா?"

அவள் தலை நிமிரவில்லை.

அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு ஓடாத மெஷினை. பிறகு வெளியே விழும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டான். கண்கள் வயரோடு ஜன்னலிலிருந்து இறங்கி வந்து பெட்டியில் நின்றன.

"யாரு மாத்தினது?"

கட்டிலில் கிடப்பவரால் இனி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது. தானே அணைத்துக்கொண்டார் என்று நாளைக்குத் தெருவே பேசும். உலை வாயை மூடலாம்.

"நான்தான்" என்றாள்.

"எப்போ?"

அவள் மடியிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நேராக்கினாள். அவை மறுபடி மடங்கின. மறுபடி நேராக்கினாள்.

"எப்போ அண்ணி?"

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். இதுவரை அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. தோளிலிருந்த பாரம் அவனை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் முழங்காலை மடித்து, சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அதன் இரும்பு அடி தரையில் படும் சத்தம்கூடக் கேட்காதபடி, மெல்ல இறக்கி வைத்தான்.