இந்த வாரம் மூன்று வேலை

“கொஞ்சம் தாமதமாகும் மேடம், அடுத்த வாரம் நானே கூப்பிடறேன்” என்று பள்ளித் தலைமையாசிரியையிடம் சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளிச் சுவரில் படம் வரைய வேண்டிய அண்ணன் நேற்றுச் சாயங்காலமே போய்விட்டான். அவனுடைய சாவுக்கும் ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தாள். பதினோரு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உடல் மருத்துவமனையிலிருந்து இரண்டு மணிக்கு வரும் என்றார்கள். கூடத்தில் வைக்க வீட்டில் அண்ணனின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. ஊரார் முகத்தையெல்லாம் வரைந்து கொடுத்தவன், கேமராவைக் கண்டால் மட்டும் நழுவிவிடுவான். கடை அலமாரியில் ஒன்று இருக்கும், எடுத்து வா என்று மாமா அவளை அனுப்பியிருந்தார். வந்த இடத்தில் இந்தப் போன்.

கடை என்றால் மாடியில் ஒரே ஓர் அறை. புத்தக அட்டை, பொம்மை டப்பா, சுவர்ப் படம், எது வந்தாலும் அண்ணன் வரைவான். மற்றதெல்லாம் அவள் பாடு. எந்த வேலை எப்போது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எது நாளைக்குக் கழுத்தைப் பிடிக்கப் போகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் எதிரிலும் அண்ணன் அவளை மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்கு முடியாது என்று சொல்லவே வராது. ஆரம்பத்தில் ஒரே மாதத்தில் ஒன்பது வேலைக்குத் தலையாட்டிவிட்டு, ஒன்றையும் முடிக்காமல், வாசலில் மணி அடித்தால் குளியலறையில் போய் ஒளிந்துகொண்ட மகானுபாவன். அதற்குப் பிறகுதான் அவள் சுவரில் ஒரு பலகையை மாட்டி மூன்று பத்தியாகப் பிரித்தாள். ‘அப்புறம்’, ‘இந்த வாரம்’, ‘முடிந்தது’. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. ‘இந்த வாரம்’ பத்தியில் மூன்று சீட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நாலாவது வந்தால் ஏதாவது ஒன்று ‘அப்புறம்’ பத்திக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் இருவரும் பலகை முன் நின்று பேசுவார்கள், கடைசி வார்த்தை அவளுடையது. கடை பிழைத்ததே அதனால்தான். வருகிறவர்களுக்குத் தன் ஓவியங்களைக் காட்டுவதற்கு முன்னால் அண்ணன் அந்தப் பலகையைத்தான் காட்டுவான்.

படத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பலகைப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கண் கேட்கவில்லை. ‘அப்புறம்’ பத்தியின் அடியில், அண்ணன் கையெழுத்தில் அந்தச் சீட்டு இருந்தது. ‘நெஞ்சு வலி. டாக்டரைப் பார்க்கணும்.’

மூன்று திங்கட்கிழமைகளுக்கு முன்னால், ‘இந்த வாரம்’ பத்தியில், வேலையோடு வேலையாக நாலாவதாக அவனே குத்தி வைத்தது. அவள் படித்தாள். கவனிக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். மாடி ஏறினால் பிடிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றான். பொம்மைக் கடைக்காரர் டப்பா எங்கே என்று தினம் இரண்டு தடவை போன் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

“டப்பாவை அனுப்பிடலாம் அண்ணா. அனுப்பினதும் முதல் வேலை இதுதான்.”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, மேனேஜரம்மா” என்று சிரித்துக்கொண்டே அவனே ஊசியைப் பிடுங்கிச் சீட்டை அவள் கையில் கொடுத்தான். அவள்தான் இடம் மாற்றிக் குத்தினாள்.

அடுத்த திங்கட்கிழமை சீட்டு மறுபடியும் ‘இந்த வாரம்’ பத்திக்கு வந்திருந்தது. டப்பா மூடியின் நிறம் பிடிக்கவில்லை என்று பொம்மைக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருந்தார். அவள் மறுபடியும் சீட்டைத் தள்ளினாள். மூன்றாவது திங்கட்கிழமை அண்ணன் அதைத் தொடவில்லை. வலி போய்விட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று சீட்டைப் பிடுங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

வந்தது அண்ணி. வீட்டில் உட்கார முடியவில்லை என்றாள். வருகிறவர்களெல்லாம் முன்னாடியே ஒன்றும் தெரியவில்லையா என்று அதையே கேட்கிறார்களாம், மாமாதான் காரில் அனுப்பி வைத்தாராம். அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? உடம்பு முடியலன்னு, அந்த மாதிரி?”

“இல்லண்ணி.”

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தா நீ அன்னிக்கே பலகையில போட்டு, கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பே.” அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியல பாரு. தூக்கத்துல எழுந்து எழுந்து உட்காருவார். வேலை நினைப்புன்னு விட்டுட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. நான்தான் அவரைக் கவனிக்காம விட்டுட்டேன்.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அண்ணி மட்டும் இவள் பங்கையும் சேர்த்து ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். கைப்பையைத் திறந்து சீட்டை எடுத்து நீட்டினாள்.

அண்ணி ஒரு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

“இது எப்போ?”

“மூணு வாரமாச்சு. நான்தான் தள்ளி வெச்சேன் அண்ணி. ரெண்டு தடவை.”

அண்ணியின் கட்டைவிரல் சீட்டிலிருந்த ஊசித் துளைகளின் மேல் நின்றது. நாலு துளைகள்.

“எந்த வேலைக்காக?”

“பொம்மைக் கடை டப்பா.”

கீழே தெருவில் யாரோ கதவை இழுத்து மூடினார்கள். அண்ணி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“அது முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. முந்தாநாள் கொடுத்துட்டோம்.”

அண்ணி தலையசைத்தாள். சீட்டைத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று எழுந்தாள்.

கார் எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. அண்ணி பின் இருக்கையில் ஏறினாள், கதவை மூடவில்லை. அண்ணி பக்கத்தில் ஏறுவதா, ஓட்டுநர் பக்கத்தில் போய் உட்காருவதா என்று தெரியாமல் அவள் வெயிலில் நின்றாள். ஏறுங்கம்மா என்றார் ஓட்டுநர். அண்ணி முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மெல்ல நகர்ந்து இடம் விட்டு, அந்தப் பக்கத்து ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.