குளக்கரையில் சினிமா குயிஸ்

டிசம்பர் விடுமுறை ஞாயிறுகளில் மயிலாப்பூரை நடந்து சுற்றிக் காட்டுவது என் வேலை. காலை ஆறரைக்கு லஸ் முனையில் கூட்டம் சேரும். வேளச்சேரி ஐ.டி. பிள்ளைகள், லீவுக்கு வந்த அமெரிக்கவாசிகள், சாண்டா தொப்பி போட்ட குழந்தைகள்.

அந்த ஞாயிறு அப்பாவும் வந்தார். மந்தைவெளி மெத்தைக் கடையைப் பூட்டிவிட்டு, ரம்ஜானுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில், எல்லோரையும்போல டிக்கெட் எடுத்து.

"என் பொண்ணுன்னு யாராண்டயும் சொல்லாத, ரூஹி. நானும் ஒரு கஸ்டமரா நின்னு கேக்கணும்."

அவர் கேட்க வந்தது ஒன்றைத்தான். கோயில் தெப்பக்குளத்துக்கு நிலம் கொடுத்தவர் நவாப் என்று மயிலாப்பூரில் சொல்வார்கள். மொஹரத்தின்போது முஸ்லிம்கள் அந்தக் குளத்துக்கு வருவதற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். பத்து வயதில், மொஹரம் ஊர்வலத்தில் பஞ்சா என்ற கை வடிவச் சின்னத்தைத் தூக்கியவர்களோடு அந்தப் படிகளில் இறங்கியவர் அப்பா. "நாங்க கால் நனைச்ச கொளத்த என் பொண்ணு மைக்ல சொல்லப்போவுது" என்று கடைக்குத் தலையணை வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாய்சரண் எனக்குப் போன் செய்தது அவருக்குத் தெரியாது. இந்த நடைகளை நடத்துகிறவன் அவன்.

"போன வாரம் அந்தக் குளத்து ரீல் போட்டோமே, கமெண்ட்ஸ்ல எப்படித் திட்டறா, பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. லீவு மூட்ல எல்லாரும் ஜாலியா வரா. இந்த சீசனுக்கு மட்டும் அந்த நவாப் கதையை விட்ரலாமே? குளத்தங்கரையில சினிமா குயிஸ் வெச்சுடு. சாக்லேட் நான் வாங்கிண்டு வரேன்."

"சரி" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அது பயமில்லை. நடை முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்து, "சூப்பரா பேசறீங்க" என்பார்கள். வாரம் முழுவதும் அதற்காகத்தான் காத்திருப்பேன். அந்தக் கைகளில் ஒன்றுகூடத் தயங்கிவிடக் கூடாது என்றிருந்தது எனக்கு. அப்பாவிடம் சொல்ல மூன்று நாள் இருந்தது. சொல்வதற்குப் பதிலாக அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

குளக்கரையில் கூட்டம் வட்டமாக நின்றது. இந்தக் குளம் எந்தெந்தப் படத்தில் வந்தது, எந்த நடிகை இந்தப் படியில் அழுதாள். பதில் சொன்னவர்களுக்குச் சாக்லேட் பறந்தது. அப்பா இரண்டு கேள்விவரை பொறுத்திருந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு டவுட்டு."

என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறார்.

"இந்தக் கொளத்துக்கு எடம் குடுத்தது யாருங்க?"

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சாய்சரண் செல்போனைத் தாழ்த்தினான்.

"அது வேற டாபிக் சார். இப்ப குயிஸ் போயிட்டிருக்கு" என்றேன்.

வாய் குழறவில்லை.

"அங்கிள், சிலபஸ்ல இல்லாததைக் கேக்கறீங்க!" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் ஆறுதல் பரிசு என்று சொல்லி அவர் கையில் ஒரு சாக்லேட்டை வைத்தாள். அவர் அதைப் பிரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நடை முடிந்ததும் சாய்சரண் நேராக அவரிடம் போனான்.

"சார் எங்கேர்ந்து வரீங்க? ரூஹியைத் தெரியுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். காலையில் சொன்ன விளையாட்டு அது இல்லை இப்போது. நான் சொல்வதற்காக அவர் விட்டிருந்த இடம். 'என் அப்பா' என்று இரண்டு வார்த்தை போதும். நான் மைக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"தெரியாதுங்க" என்றார் அப்பா. "மந்தவெளி. லீவு நாளாச்சேன்னு சும்மா வந்தேன்."

குரூப் போட்டோவுக்கு எல்லோரும் குளத்தின் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். யாராவது ஒருவர் எடுக்க வேண்டும். சாய்சரண் தன் செல்போனை அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா சாக்லேட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு அடி பின்னால் போய், செல்போனை உயர்த்தினார்.

"மேடம், ஓரமா நிக்கிறீங்க. உள்ள வாங்க."

நான் உள்ளே நகர்ந்து நின்றேன்.