பதினோரு பெயர்கள்

ஆய்வேட்டைப் பழங்குடியினரான வாயூக்களின் மொழியிலேயே எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தபோது, சுவரொட்டியில் வாயூ மாணவி அரேலிஸ் புஷாய்னாவின் படத்தைத்தான் போட்டார்கள். எழுதலாம் என்றார்களே தவிர, அதைப் படிக்க யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தேர்வுக்குழுவில் மூன்று பேர். மூவருக்கும் அந்த மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆகவே அவள் முழு ஏட்டையும் ஸ்பானிய மொழியில் இன்னொரு முறை எழுதினாள். மற்ற மாணவர்களுக்கு ஒரு ஏடு, இவளுக்கு இரண்டு. இதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செவிலியர் பட்டத்துக்கான ஏடு அது. உரிபியா நகரத்துக்கு அப்பால் அவள் ஊர்ப்பக்கம் இரண்டே வருடத்தில் வயிற்றுப்போக்கிலும் பட்டினியிலும் போன பதினோரு கைக்குழந்தைகளைப் பற்றியது. அங்கே ஒரு சுகாதார நிலையம் உண்டு. அதற்கு ஒரு பூட்டும் உண்டு. மொழி தெரிந்த நர்ஸ் கிடைக்கவில்லை என்று பூட்டியே போட்டிருந்தார்கள். இன்று அவள் தேறினால் அந்த வேலை அவளுக்கு. தேறாவிட்டால் உதவித்தொகை இன்றோடு சரி, பூட்டு அப்படியே கிடக்கும், பன்னிரண்டாவது குழந்தையும் போகும். வேறெதையும் அவள் ஆசைப்படவில்லை.

ஏட்டில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். செத்தவர் பெயரை அவருடைய சொந்தக்காரர் காதுபடச் சொல்வது வாயூக்களிடம் அந்தச் சாவை மறுபடி நடத்திக் காட்டுவது மாதிரி. சண்டை வரும், ஈடு கேட்பார்கள், சில சமயம் ரத்தமே சிந்தும். தாய்மார்களும் வாய்திறந்து பெயர் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பேசாமல் நீட்டினார்கள். அவளும் பேசாமல் பார்த்து எழுதிக்கொண்டாள்.

பெயர் இல்லாத தரவு செல்லாது என்று டீன் அலுவலகம் ஏட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை அவள் பதினோரு பெயரையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே ‘ரகசியம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதுவது வேறு, சொல்வது வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காகிதத்துக்கு வாய் இல்லை என்று ஒரு வாயூப் பெண்ணால்தான் நம்ப முடியும். படித்தவர்கள் காகிதத்தைக் கண்டதும் உரக்க வாசிக்கப் பழகியவர்கள் என்பது, அவர்கள் நடுவே ஐந்து வருடம் இருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

மேடையில் நடக்கும் அவளுடைய வாய்மொழித் தேர்வைப் பார்க்கத் தாய்மார்களை அழைத்துவரப் பல்கலைக்கழகமே பஸ் அனுப்பியிருந்தது. தரைதொடும் அங்கிகளோடு அவர்கள் இறங்க, கடைசியாக அவளுடைய தாய்மாமன் நெமேசியோ நொண்டிக்கொண்டே இறங்கினார்.

“என்ன மாமா, செருப்பு புதுசா?”

“உன் பரீட்சைக்குன்னு வாங்கினேன். கடிச்சுக் கொல்லுது. நீ மட்டும் ஃபெயிலாகிப் பாரு, இதாலயே அடிக்கிறேன்.”

அவள் சிரித்தாள். பிறகு கூட்டத்தில் யெனிஸைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். ஏழாம் எண் யெனிஸின் குழந்தை.

“அவ வருவான்னு நான் நினைக்கவே இல்ல மாமா.”

“உன் வார்த்தைய நம்பித்தான் வந்திருக்கா. அவங்க வேற குலம், எபியேயு கூட்டம், புள்ளே. நீ ஒண்ணு பிசகினா, தாய்மாமன்னு என் வாசல்லதான் ஈடு கேட்டு வந்து நிப்பாங்க.”

“ஒரு பேரும் வெளிய வராது மாமா. சத்தியமா.”

பரீட்சை நன்றாகவே போனது. குழுவில் ஒருவர், “உங்க ஸ்பானிஷ் பிரமாதமா இருக்கே!” என்று வியந்தார். ஐந்து வருடமாக வருடத்துக்கு நாலு பேர் வியக்கிறார்கள். அவள் வழக்கம்போல நன்றி சொன்னாள். கேள்விகளெல்லாம் முடிந்தபின் டீன் ஒகாம்போ எழுந்தார். நல்ல மனிதர், அதுதான் கேடு. கண் கலங்கியிருந்தது.

“இந்தக் குழந்தைங்க வெறும் நம்பர் இல்ல. இவங்களுக்குப் பேரு இருக்கு. இன்னிக்கு இந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பேரைச் சொல்லி மரியாதை செய்யப்போகுது. எல்லாரும் எழுந்து நில்லுங்க.”

விளக்கு மங்கியது. திரையில் பதினோரு வரிகள் விரிந்தன. டீன் கையில் அந்த உறை, வாய் கிழிந்து.

அரேலிஸ் அவர் கையைப் பிடித்தாள். “டாக்டர், வேண்டாம்! நிறுத்துங்க! அவங்க முன்னாடி சொல்லக் கூடாது!”

“அழும்மா, அழு. அடக்கி வைக்காதே,” என்று அவள் தோளைத் தட்டிவிட்டு அவர் முதல் பெயரை வாசித்தார்.

அவள் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. அவர் தாளைப் பார்த்து இரண்டாவதை வாசித்தார். மைக்கைப் பறித்தாள். முப்பது வருடம் வகுப்பெடுத்த குரல், மைக்கே தேவைப்படவில்லை. நாலு, ஐந்து. பெயர் யார் காதிலும் விழக் கூடாது என்று அவள் கத்த ஆரம்பித்தாள், வார்த்தையே இல்லாமல், தொண்டை கிழிய. பழங்குடி ஒப்பாரி என்று நினைத்து முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது. இரண்டு மாணவர்கள் போனை உயர்த்திப் படம்பிடித்தார்கள். அவள் மூச்சு வாங்கிய ஒரு நொடியில் ஏழாவது பெயர் தெளிவாக விழுந்தது. அந்தப் பெயரை இங்கேயும் எழுதுவதற்கில்லை.

யெனிஸ் அழவில்லை. அங்கியைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் ஒவ்வொருவராக. டீன் பதினொன்றையும் முடித்துத்தான் நிமிர்ந்தார்.

அரேலிஸ் ஓடி வந்தபோது பெண்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் எட்டி, நடைபாதையில் நின்றிருந்தார்.

“நீங்க ஏறலயா மாமா?”

“எப்படி ஏறுவேன்? இப்ப நான் அவங்களுக்கு எதிராளி.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பேச்சு பேசித் தீர்க்க ஆள் அனுப்பணும். ஈடு குடுக்க நம்ம கூட்டத்துல ஒவ்வொரு வீட்டுலயும் ஆடு கேக்கணும். ஏன் புள்ளே எழுதிக் குடுத்தே?”



டீன் மூச்சிரைக்க வந்தார். “அரேலிஸ்! உச்ச மதிப்பெண், மூணு பேரும் ஒரே முடிவு! திங்கட்கிழமையே வேலைல சேரலாம். அவங்க ஏன் கிளம்பிட்டாங்க? போட்டோ எடுக்கணுமே?”

“என்னவாம்?” என்றார் ஸ்பானிஷ் புரியாத மாமா.

“பாஸாம் மாமா. அந்த நிலையம் எனக்குத்தானாம்.”

“திறந்து வச்சுக்கிட்டு?” என்றார் மாமா. “யாரு வருவா?”

வரிசையின் கடைசியில் ஓர் இளம்பெண், தோளில் குழந்தை. அதன் தலை துவண்டு தொங்கியது, கண் குழி விழுந்திருந்தது. அரேலிஸ் தன்னையறியாமல் கை நீட்டிக் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு அப்படியே நின்றது.

“அக்கா, தண்ணி வத்திப்போச்சு இவனுக்கு. எத்தனை நாளா போகுது? இங்கயே ஆஸ்பத்திரி இருக்கு, வாங்க, நான் கூட வரேன்.”

அந்தப் பெண் துணியை இழுத்துக் குழந்தையை மூடினாள். “தொடாதே,” என்றாள். அவள் ஏறியதும் கதவு சாத்திக்கொண்டது.

பஸ் நகர்ந்தது. அரேலிஸ் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினாள். “டாக்டர், நிறுத்தச் சொல்லுங்க!” என்று திரும்பிக் கத்தினாள். டீன் சிரித்தபடி பஸ்ஸுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

“கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர்! தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு! கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க! பாலை நிறுத்தாதீங்க!”

அவர்களுடைய மொழியில், ஒரு சொல் பிசகாமல், நெடுஞ்சாலைத் திருப்பம் வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓடினாள். பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்து மூடினார்கள்.